அரைபடாத மரவள்ளி

சிந்தோலோ கிராமத்தில் ஒரு மாவு மில் இருந்தது, நன்றாகவே ஓடியது. இருந்தும் எலூபி மாதம் ஒரு முறை, காய்ந்த மரவள்ளித் துண்டுகளைப் பேசின் என்கிற அகலப் பாத்திரத்தில் குவித்துத் தலையில் ஏற்றிக்கொண்டு, ஏரிக்கரைப் பாதையில் நான்கு மணி நேரம் நடந்து, போமாவில் இருக்கிற மில்லுக்குப் புறப்பட்டுவிடுவாள். கலெக்டர் ஆபீஸ், போலீஸ், பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கிற மாவட்டத் தலைநகர்தான் போமா.

போன மரவள்ளி, போன மாதிரியே திரும்பியும் வரும். மறுநாள் காலையில் உள்ளூர் மில் வாசலில் அதே பேசினோடு எலூபி வரிசையில் நிற்பாள். பெண்கள் விடுவார்களா?

"என்னடி, போமாவுல மறுபடியும் கரண்ட் இல்லையா?"

"இல்லியே. போய்ச் சேர்ந்ததும் போயிடுச்சு."

"உன்னைப் பார்த்தாலே போயிடுது போல. இந்த மரவள்ளி பஸ்ஸை விட அதிகமா ஊர் சுத்தியிருக்கு."

"அதுக்குச் சந்தை பாக்கற ஆசை. எஜமானி மாதிரியே."

எலூபியும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சந்தைப் பைத்தியம் என்று நினைத்துக்கொள்ளட்டும். பேசின் போவது மில்லுக்கு அல்ல. ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து ஜன்னலுக்கு. எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கிற ஜன்னல் அது. அங்கே வரிசையில் நின்று வாங்கி முடிப்பதற்குள் மில்லைச் சாத்திவிடுவார்கள். மாத்திரை டப்பா மரவள்ளிக்கு அடியில் புதைந்து வீடு வந்து சேரும். தலையில் பாரத்தோடு நடக்கிற பெண்ணை யாரும் எங்கே போகிறாய் என்று சந்தேகமாகக் கேட்பதில்லை. அவள் புருஷன் லாமெக் கூடக் கேட்டதில்லை.

இது முழுதாகத் தெரிந்தவள் ஊரில் ஒருத்திதான். அவள் பெயர் தவோங்கா. நான் சொல்ல வந்தது அவளைப் பற்றித்தான். கேட்டு முடிக்கிற வரைக்கும் அவளைத் திட்டாமல் இருங்கள். அவளே தன்னைப் போதுமான அளவு திட்டிக்கொண்டாயிற்று.

தவோங்காவுக்கு இருபத்திமூன்று வயது. ம்சூசூ நகரத்துப் பெண். பிறக்கும்போதே தாயிடமிருந்து அந்தக் கிருமி ஒட்டிக்கொண்டது. அவளைப் போன்ற பிள்ளைகளுக்கு ம்சூசூவில் சனிக்கிழமைதோறும் ஒரு மன்றம் உண்டு. ஆடிப்பாடி, மாத்திரை வாங்கி, கஞ்சி குடித்துவிட்டு வீடு போவார்கள். தவோங்காவும் அந்த மன்றத்தில் அவளோடு வளர்ந்த மூன்று பேருமாக நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு வேலையைக் கையில் எடுத்தார்கள். ஏரிக்கரைக் கிராமங்களில் மாத்திரைக்காக யார் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள், எத்தனை தடவை வெறுங்கையோடு திரும்புகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவது. எழுதியதைச் சட்டம் போடுகிறவர்கள் கண் முன்னால் வைப்பது. அதற்காகத்தான் தவோங்கா இரண்டு வருஷமாகச் சிந்தோலோவில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள்.

ம்சூசூவில் அவளைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். சிந்தோலோவில் யாருக்கும் தெரியாது. "நோயாளிங்க மேல எவ்வளவு இரக்கம் பாருங்க இந்தப் பிள்ளைக்கு" என்று ஊர் சொன்னது. அவள் அதைத் திருத்தவில்லை. ஆரோக்கியமான பெண், பரிதாபப்பட்டு உதவ வந்தவள் என்கிற அந்தச் சட்டை அவளுக்குப் பிடித்திருந்தது. தன்னுடைய மாத்திரைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் லாரி ஏறி ம்சூசூ போவாள். கேட்பவர்களிடம், "ஆபீஸ்ல மீட்டிங்."

எலூபியிடம் மட்டும் சொன்னாள். மீன் காயவைக்கிற பரணுக்குப் பின்னால் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்த ஒரு நாள், மாத்திரை வாங்குவதைக் கணக்கெடுப்பில் சொல்லியிருந்த எலூபி கேட்டாள்: "மிஸ், நடக்கும்போது டப்பா கடகடன்னு சத்தம் போடுது. என்ன பண்றது?"

தவோங்கா தன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து ஆட்டிக் காட்டினாள். சத்தமே வரவில்லை. மூடியைத் திறந்து, உள்ளே அடைத்திருந்த துணிக் கிழிசலை வெளியே இழுத்தாள்.

எலூபி டப்பாவைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "உனக்குமா?"

"பொறந்ததுலேருந்து, அக்கா."

அதோடு 'மிஸ்' போயிற்று. எலூபி பேசின் கதை முழுவதையும் சொன்னாள், கரண்ட் பொய் உட்பட. சொல்லச் சொல்ல இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. கடைசியில் எலூபி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இது உன்னோட இருக்கட்டும். உன்னோடது என்னோட இருக்கும்."

சிந்தோலோ தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் லோங்வே அம்மா. நல்ல பருமன், நல்ல குரல். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் பேசுவதற்கு முன்னால் பெண்களோடு ஒரு சுற்று ஆடிவிட்டுத்தான் மைக்கைத் தொடுவார். நாடாளுமன்றத்தின் சுகாதாரக் கமிட்டியிலும் இருந்தார். நான்கு பெண்களும் தங்கள் காகிதக் கட்டோடு போமாவில் அவர் வீட்டுக்குப் போனபோது, அடுப்படியிலேயே உட்காரவைத்து, மாவு உருட்டிச் சுடச்சுட மந்தாசி பொரித்துத் தட்டில் தள்ளினார்.

"சாப்பிடுங்கடி. எலும்பும் தோலுமா வந்து நின்னா என் தொகுதிக்குத்தான் கெட்ட பேரு." காகிதங்களைப் புரட்டினார். "நல்லா பண்ணியிருக்கீங்க. ஆனா காகிதத்தைப் பாத்து அழுத எம்.பி.யை நான் இதுவரை பாத்ததில்ல. அடுத்த வாரம் கமிட்டி கூடுது. எனக்கு ஒரு ஆள் வேணும். சதையும் ரத்தமுமா ஒரு ஆளோட கதை."

"என்னோடதைச் சொல்றேன்," என்றாள் நால்வரில் ஒருத்தியான சுஸ்கோ. அந்தப் பெயருக்குத் தொல்லை என்று அர்த்தம். பெயருக்கு ஏற்றவள் என்று தோழிகள் சொல்வார்கள். அவளுக்கு ஒளிவுமறைவு கிடையாது, பஸ்ஸில் பக்கத்துச் சீட்காரரிடம் கூடச் சொல்லிவிடுவாள்.

"உன்னோடதை ரெண்டு தரம் கேட்டாச்சு, கண்ணு. உன் வீட்டுக்குப் பின்னாடியே ஆஸ்பத்திரி. கிராமத்துல இருந்துகிட்டு, ஒளிச்சு மறைச்சு, தூரமா போய் வாங்கிட்டு வர்றாளே, அப்படி ஒருத்தி."

கிராமத்தில் இருந்துகொண்டு, ஒளித்து மறைத்து, தூரப் போய் வாங்குகிற ஒருத்தி அந்த அடுப்படியிலேயே மந்தாசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுஸ்கோ அவளைப் பார்க்கவும் செய்தாள். தவோங்கா தலையைத் தூக்கவில்லை.

"எனக்கு ஒருத்தரைத் தெரியும்," என்றாள். "பேர் சொல்லாம சொல்றேன்."

நாட்டின் தலைநகரான லிலோங்வேயில், கமிட்டி அறையில், மேசை மேல் வானொலிக்காரர்களின் கருவி சிவப்பு விளக்கோடு உட்கார்ந்திருந்தது. தவோங்கா அதைப் பார்த்துக் கலங்கவில்லை, சந்தோஷப்பட்டாள். முந்தின நாளே சிந்தோலோவின் கடைக்காரருக்குச் செய்தி அனுப்பியிருந்தாள்: நாளைக்குப் பத்து மணிக்கு நான் பேசுகிறேன், எல்லோரையும் கேட்கச் சொல்லுங்கள். தானே அனுப்பினாள். இதை மறந்துவிடாதீர்கள், அவளால் மறக்க முடிந்ததில்லை.

முதலில் தூரக் கணக்கைச் சொன்னாள். உறுப்பினர்கள் போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். பிறகு, "ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் ஒரு பெண்," என்று ஆரம்பித்தாள். ஒரு தலை நிமிர்ந்தது. பேசினைச் சொன்னாள். இன்னும் இரண்டு தலைகள். அரைக்கப்போகாத மரவள்ளியை நான்கு மணி நேரம் சுமந்துபோவதைச் சொன்னாள். தெற்கத்தி உறுப்பினரான கிழவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த அறை தன் கைக்குள் வந்துவிட்டதை அவள் உடம்பு உணர்ந்துவிட்டது. அதே மரவள்ளி திரும்பி வருவதையும், கரண்ட் இல்லை என்ற பொய்யையும், மறுநாள் உள்ளூர் மில் வரிசையையும் சொன்னாள். கிழவர் கைக்குட்டையை எடுத்தார். யாரோ மேசையைத் தட்டினார்கள்.

வெளியே வந்ததும் லோங்வே அம்மா அவளை அப்படியே தூக்கிவிட்டார். "ஜெயிச்சிட்டோம்டி! அமைச்சகத்து ஆள் நர்ஸை அனுப்பறேன்னுட்டார். கட்டடத்துக்கு என் தொகுதி நிதி இருக்கு. இனி யாரும் நடக்க வேணாம்!"

திரும்பி வரும் பஸ்ஸில் சுஸ்கோ ஜன்னல் பக்கம் பார்த்தபடி வெகுநேரம் பேசாமல் வந்தாள். பேசாத சுஸ்கோ என்பது மழை இல்லாத மழைக்காலம் மாதிரி.

"என்னடி?"

"பேர் சொல்லல, சரி. பேசினைச் சொன்னியே."

"பேசின் தூக்காத பொம்பளை யாருடி?"

"தூக்குவாங்க. அரைக்காம திரும்பக் கொண்டுவர்றது எத்தனை பேரு? ஊர்ல யாரும் அதைக் கவனிச்சதே இல்லையா?"

அப்போதுதான் தவோங்காவுக்கு மில் வாசல் ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் கேலிப் பேச்சுகளை அவளும் எத்தனையோ தரம் அங்கே நின்று கேட்டுச் சிரித்திருக்கிறாள். ஊரில் எலூபியின் பெயரைச் சொல்லத் தேவையே இல்லை. அந்தப் பேசின்தான் அவள் பெயர். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவளுக்கு மட்டும் எதுவோ நின்றுபோயிற்று.

சிந்தோலோவில் படகுக் கொட்டகையில் வானொலி வைத்திருந்தார்கள். நம்ம மிஸ் பேசறாங்க என்று ஆண்கள் வலை பின்னுவதை நிறுத்தாமலே கேட்டார்களாம். பேசின் கதை வந்ததும் ஒருவன் சிரித்தானாம், பழக்கதோஷத்தில். கரண்ட் பொய் வந்ததும் யாரும் சிரிக்கவில்லை. லாமெக் வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான்.

அவன் அடிக்கவில்லை, கத்தவில்லை. எலூபி வைத்த களியைத் தொடாமல், பாயைச் சுருட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். அவன் அக்கா வந்து மூத்த பிள்ளையைக் கூட்டிப் போனாள். ஏரித்துறையில் துணி துவைக்கிற கல்லில் எலூபி உட்கார்ந்தால், பக்கத்துப் பெண்கள் தங்கள் துணியை வாரிக்கொண்டு நாலடி தள்ளிப் போனார்கள். மில் வாசலில் கேலி நின்றுபோயிற்று. அந்தக் கேலியே மேல் என்று தோன்றும்படி நின்றது.

தவோங்காவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்காரர், "ரேடியோவுல குரல் கணீர்னு இருந்துச்சு, மிஸ்," என்றார். அவளுக்குக் காது சுட்டது.

மூன்றாம் வாரம் போமா ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கிற நர்ஸ் ஹராவா அவளைத் தனியே கூப்பிட்டார். ஹராவா ஒல்லியான, அளந்து பேசுகிற மனிதர். "உங்க ஊர்லேருந்து ஒருத்தர் தேதிக்கு வரல. மாத்திரை தீர்ந்து ஒரு வாரம் ஆயிருக்கும். எனக்கு ஆள் அனுப்பவும் பயமா இருக்கு. அனுப்பினா ஊரே பாக்கும்."

எலூபிக்குப் பாதை அடைபட்டுவிட்டது. பேசினோடு போனாலும் தெரியும், வெறுங்கையோடு போனாலும் தெரியும்.

தவோங்கா பட்டப்பகலில் எலூபி வீட்டுக்குப் போனாள். அந்த ஊரில் மூத்தவர்கள் முன்னால் பெண்கள் முழங்காலிட்டுத்தான் பேசுவார்கள்; இவள் வாசல் மண்ணில் முழங்காலிட்டாள்.

எலூபி உள்ளேயிருந்தே பார்த்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. "எழுந்திரு. ஜனங்க பாக்குது. இன்னொரு கதை கிடைச்சிடும்."

"அக்கா, பேர் சொல்லல. நான் சத்தியமா நெனச்சது..."

"நீ என்ன நெனச்சேன்னு எனக்கு என்னத்துக்கு? ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உனக்குன்னு ஒண்ணு இருந்துச்சே. ஏன் என்னோடதை எடுத்தே?"

தவோங்காவிடம் பதில் இருந்தது. அது சொல்லக்கூடியதாக இல்லை.

"இந்த மூணு வாரத்துல என் நாத்தனார் கேட்டா: அந்த மிஸ்ஸுக்கு எப்படி உன் விஷயம் தெரியும், அவளுக்கும் இருக்கான்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? சீச்சீ, அது நல்ல பிள்ளைன்னேன்." எலூபி கதவைப் பிடித்தாள். "உன்னோடது என்கிட்ட பத்திரமா இருக்கு. போ."

"மாத்திரை மட்டும் நான் கொண்டு வந்து..."

"உன் கையாலயா?"

கதவு சாத்திக்கொண்டது. ஓங்கி அறையவில்லை, மெதுவாகத்தான். தவோங்கா முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டக்கூடத் தோன்றாமல் நடந்தாள்.

பழைய சோளக் கிடங்குக்கு வெள்ளையடித்து, ஜன்னல் வெட்டி, ஐந்தே வாரத்தில் மாத்திரை நிலையம் தயாராகிவிட்டது. செவ்வாயும் வியாழனும் ஹராவா வருவார். ஒரு தரம் வாங்கினால் ஆறு மாதத்துக்குப் போதும். நான்கு பெண்கள் இரண்டு வருஷம் அலைந்து கேட்டது அதுதான். திறப்பு விழாவுக்கு லோங்வே அம்மாவின் கார் வந்து நின்றதும், தவோங்காவை உள்ளே இழுத்து உட்காரவைத்தார்.

"அந்தப் பொம்பளைதான் ரிப்பன் வெட்டணும். வீடு எது?"

"வேணாம், மாண்புமிகு அம்மா."

"ஏன்டி? அமைச்சரே கேட்டார், இது நெஜமான்னு. படம் எடுத்து அவர் மேசையில வைக்கணும்."

"அவங்களை நான் கேக்கவே இல்ல. கேக்காமலே சொன்னேன். புருஷன் போயிட்டார். மாத்திரை நின்னு மூணு வாரம் ஆச்சு."

லோங்வே அம்மா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "ஒரு ஆள் வேணும்னு கேட்டது நானில்லையா," என்றார் தணிந்த குரலில். "சரி. மேடையில நான் மூச்சு விடல."

நல்ல மனுஷிதான். ஆனால் கட்சித் துணி கட்டிய பெண்கள் பாடி, அவரும் ஆடி, கூட்டம் குலவையிட்டு, மைக் கைக்கு வந்ததும், முப்பது வருஷத்து மேடைப் பழக்கம் அவரை முந்திக்கொண்டது. "இந்த நிலையம் யாரால வந்துச்சு? நாலு மணி நேரம் மரவள்ளி சுமந்தாளே, அந்தத் தாயால..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் அதற்குள் கூட்டம் முழுவதும் ஒரே பக்கம் திரும்பிவிட்டது. சாத்திக் கிடந்த எலூபி வீட்டுப் பக்கம்.

அந்தத் திரும்பலைத் தவோங்காவால் பார்க்க முடியவில்லை. மேடைக்குப் போய் மைக்கை வாங்கினாள்.

"நான் ரேடியோல சொன்னது என்னோட கதை இல்ல. கேக்காம எடுத்தேன். அதைச் சொல்ற உரிமை எனக்கு இல்ல. எனக்குன்னு ஒண்ணு இருக்கு. நானும் இந்த மாத்திரைதான் சாப்பிடறேன். பொறந்ததுலேருந்து. மீட்டிங்னு சொல்லிட்டு ம்சூசூ போறது அதுக்குத்தான். சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதனால இன்னொருத்தரோடதைச் சொன்னேன்."

யாரும் கைதட்டவில்லை. எங்கோ ஒரு ஆடு கத்தியது. கூட்டத்தின் ஓரத்தில் லாமெக் நின்றுகொண்டிருந்தான், தரையைப் பார்த்தான். என்ன செய்வதென்று தெரியாத நேரத்தில் அந்த ஊர்ப் பெண்கள் செய்வதைத்தான் அன்றும் செய்தார்கள். ஒருத்தி பாட்டை எடுத்தாள், மற்றவர்கள் அவசர அவசரமாகப் பின்பாட்டுப் பாடி அந்த மௌனத்தை மூடினார்கள்.

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே தவோங்கா இறங்கிப் போய்ப் புது ஜன்னல் முன்னால் நின்றாள். ஹராவா முகத்தில் எதையும் காட்டாமல், "சிகிச்சைப் புத்தகம்?" என்றார். கொடுத்தாள். எல்லோரும் பார்க்க டப்பாக்களை எண்ணி வைத்தார். அவற்றை எடுக்கும்போது அவளுக்குள் ஒரு கேள்வி எழுந்தது: மைக்கைப் பிடித்த அந்த நொடியில், உள்ளே எங்கேயாவது, லிலோங்வேயில் வந்த அந்தச் சந்தோஷம் மறுபடியும் எட்டிப் பார்த்ததா? இல்லை என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

மறுநாள் கடைக்காரர் சில்லறையை அவள் கையில் தராமல் பலகையில் வைத்தார். அவள் பொறுக்கிக்கொண்டாள்.

நான்கைந்து நாள் கழித்து சுஸ்கோ எலூபியைப் பார்த்துவிட்டு வந்தாள். தவோங்கா அனுப்பவில்லை, தொல்லை தானாகவே போனது.

"என்ன சொன்னாங்க?"

"நீ மேடைல சொன்னதால அவங்களுக்கு ஒண்ணும் திரும்பி வரலையாம். உன்னைச் சொல்லச் சொல்லி அவங்க கேக்கலியாம்."

"சரி."

"மாத்திரைக்கு வருவாங்களாம்." சுஸ்கோ கொஞ்சம் தயங்கினாள், அவள் தயங்கிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "வியாழக்கிழமை. அன்னிக்கு நீ அங்க இருக்கக் கூடாதாம். நிலையத்துல மட்டும் இல்ல. பாதையிலயும். ஊர்லயே."

"எத்தனை வியாழக்கிழமை?"

"சொல்லல. நானும் கேக்கல. எனக்கே கேக்கற தைரியம் வரலடி."

அந்த வியாழக்கிழமை விடிவதற்குள் தவோங்கா மீன் லாரி ஏறி போமாவுக்குப் போய்விட்டாள். நான்கு பேரும் வேலைக்கென்று எடுத்திருந்த அறையில் உட்கார்ந்து, இதுவரை எழுதிய பெயர்ப் பட்டியலை எடுத்தாள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, 'எங்கே, யாரிடம், எதுவரை சொல்லலாம் என்று கேட்டாயிற்றா' என்று ஒரு புதுக் கட்டம் கோடு போட்டாள். நூற்றுப்பதினேழு கட்டங்கள். எதுவும் நிரம்பியிருக்கவில்லை. இரண்டு வருஷமாக ஒருவரையும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஹராவாவுக்குப் போன் செய்தாள்.

"நேத்து வந்தாங்களா?"

"யாரு?"

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"நேத்துக்கு வரவேண்டியவங்க பதினாலு பேர்," என்றார் ஹராவா. "பதினாலு பேரும் வந்தாங்க."

தவோங்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். மெலிந்திருந்தாளா, கூட யாராவது வந்தார்களா, லாமெக் வீடு திரும்பிவிட்டானா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது.

"வேற ஏதாவது கேக்கணுமா?" என்றார் அவர்.

"இல்ல, ஐயா," என்றாள். "வேற ஒண்ணும் இல்ல."